நாற்பத்தேழாம் எண் வீட்டின் தண்ணீர்

டாலின் நகரத்து லாஸ்னமாயேயில்
ஒன்பது மாடி, எழுபத்திரண்டு வீடு.
குடியிருப்போர் சங்கத்துக்குக் கணக்கு எழுதுபவள் நான்.
சம்பளமென்று ஒன்றும் இல்லை,
பராமரிப்புக் கட்டணத்தில் பாதித் தள்ளுபடி.

முன்பெல்லாம் மாதக் கடைசியில்
அவரவர் குளியலறைக் குழாயடியில் குனிந்து
மீட்டர் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி
என் தபால்பெட்டியில் போடுவார்கள்.
வெல்லோ எப்போதும் கொஞ்சம் குறைத்தே எழுதுவார்.
அந்தப் பொய் எனக்குப் பழகிப்போயிருந்தது.

இலையுதிர் காலத்தில் புது மீட்டர் வந்தது.
யாரும் குனிய வேண்டாம்.
கால் மணிக்கொரு முறை தானே சொல்லிவிடுகிறது.
நாங்கள் கேட்டது
மாதத்துக்கு ஒரே ஓர் எண்.

இப்போது எனக்குத் தெரியும்:
ஐந்தாம் மாடிப் பேருந்து ஓட்டுநர்
ராத்திரியில் நான்கு முறை எழுகிறார்.
இருபதாம் எண் இளம் தம்பதி
சேர்ந்து குளிப்பதை நிறுத்திவிட்டார்கள்.
டிசம்பரிலிருந்து
ஏழுக்கு ஒரு கோடு, ஏழே முக்காலுக்கு ஒரு கோடு.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு
இரவில் அதுவும் பேசாதே என்பார்கள்.
பேசாமலே இருந்தாலும்
கை கழுவித்தானே ஆக வேண்டும்.

நாற்பத்தேழில் ரிம்மா. ஒற்றை ஆள்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை.
ஜனவரி ஒன்பதிலிருந்து
அவள் தண்ணீர் இரண்டு பேர் தண்ணீர்.
அவள் வேலைக்குப் போன பிறகும் குழாய் திறக்கிறது,
நூல் போல,
சுவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்பது போல.
ஒரு கோட்டில் இவ்வளவு தெரியுமா என்றால்
தெரியும்.
பயந்தவர்களின் கோடு
தாழ்வாக, நீளமாக இருக்கும்.

அந்த வாரம்தான்
தோல் தொப்பி போட்ட ஒருவன் வாசலில் நின்று
எழுபத்திரண்டு பொத்தானையும் வரிசையாக அழுத்தினான்.
ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி
இருக்கிறாளா, இருக்கிறாளா என்று கேட்டான்.
என் வீட்டிலும் கேட்டான். நல்ல குரல்.

வெள்ளிக்கிழமை கூட்டம்,
அடித்தளத்தில், சைக்கிள்களுக்கு நடுவே.
தலைவர் உர்மாஸ் சுவரில் வரைபடத்தைப் போட்டார்.
குப்பைக் கட்டணம் தலைக்கு இவ்வளவு;
கணக்கில் வராத தலைக்கு
யார் கட்டுவது என்றார்.
பிறகு வெல்லோவிடம்:
உங்கள் அழைப்புமணிக் கேமரா
எதிர்க்கதவைத்தானே பார்க்கிறது, போட்டுக் காட்டுங்களேன்.

வெல்லோ மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
பேட்டரி செத்து மூன்று வாரம், குளிர் பாருங்கள் என்றார்.

நான்காம் மாடி வழியாகத்தான் இறங்கி வந்தேன்.
அவர் கதவில் நீல வளையம்
எரிந்துகொண்டிருந்தது.
என்னோடு இறங்கியவர்களும் பார்த்தார்கள்.
யாரோ ஒரு சைக்கிள் மணியைத்
தெரியாமல் தட்டிவிட்டார்கள்.

உர்மாஸ் என் பக்கம் திரும்பினார்.
ஒழுகல் என்றேன். கழிப்பறைத் தொட்டி.
ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும்.
ஒழுகல் இரவில் தூங்காது,
இந்தக் கோடு தூங்குகிறது.
உர்மாஸுக்கு அது தெரியாது.
ரிம்மா தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு முதல்முறையாக
என் வீட்டின் வரைபடத்தைத் திறந்தேன்.
இரண்டேகாலுக்கு ஒரு சின்ன மேடு:
கெட்டிலுக்குப் பிடித்த தண்ணீர்.
நேற்றும். முந்தாநாளும்.
நான் தூங்குவதில்லை என்று
மீட்டர் கம்பெனியில் எவனுக்கோ தெரியும்.

மறுநாள் என் கதவுக் கைப்பிடியில் ஒரு பை.
உள்ளே கழிப்பறைத் தொட்டிக்கான ரப்பர் வளையம்,
புதியது, ரசீதோடு.
சங்கத்தின் கோப்பில் அதை ஒட்டிவைத்தேன்.

மார்ச்சில் ஒரு நாள்,
பனி உருகத் தொடங்கியிருந்தது,
காலை பதினொரு மணிக்கு
நாற்பத்தேழின் கோடு சட்டென்று நிமிர்ந்து நின்றது.
யாரோ குழாயை
முழுதாகத் திறந்திருக்கிறார்கள்.
அரை மணி நேரம்.

அதை நான் பார்த்திருக்கக் கூடாது.
பார்த்தேன்.